மூன்று கண்டு நூல்

கஷ்கொட்டைத் தோப்பை விற்க
ஏழு கையெழுத்து வேண்டும் என்றார் நோட்டரி.
ஆறு இருக்கிறது.
ஏழாவது ஆள் அமாரோ வில்லாரெஸ்,
லூகோ பதிவேட்டின்படி
இன்னும் சாகவில்லை.
வயது நூற்று முப்பத்திரண்டு.

"செத்ததற்குக் காகிதம் கொண்டு வாருங்கள்,
இல்லையேல் ஆளைக் கொண்டு வாருங்கள்."

நான் பேருந்து ஓட்டுகிறவன்.
லூகோவிலிருந்து மொன்ஃபோர்த்தே, மறுபடி லூகோ.
ஏறியவன் எங்கே இறங்கினான் என்று
ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

கல்தூண்மேல் நிற்கும் சோளக் களஞ்சியத்திலிருந்து
பிஸ்கோத்து டப்பா ஒன்றை இறக்கினாள் இலுமினாதா,
என் ஒன்றுவிட்ட தங்கை, தோப்பில் பங்கு எண் நான்கு.
ஞானஸ்நானச் சீட்டின் ஓரத்தைத் தின்ற எலிகள்
பெயரை விட்டுவைத்திருந்தன.

1911, கொருன்யா துறைமுகம், மூன்றாம் வகுப்பு.
பயணக் காசுக்காக அடகு வைத்த பசுவின் பெயர்கூட இருக்கிறது:
மரேலா.
பசுவை மீட்ட தேதியும் இருக்கிறது.
ஆள் மீண்ட தேதி இல்லை.

கியூபாவிலிருந்து கடிதங்கள் நாற்பத்தொன்று.
கமகுவே பக்கம் ஏதோ கரும்பாலை.
அமாரோ இடதுகைக்காரன்;
பாதிரியாரின் பிரம்பு முறிந்தது, பழக்கம் முறியவில்லை.
எழுதிய வரியைத் தன் கையே துடைத்துக்கொண்டு போக,
மழை விட்ட சாலையில் வண்டித்தடம்போல
மை இழுபட்டுக் கிடக்கிறது.

பன்னிரண்டாவது கடிதத்திலிருந்து வரிகள் சுத்தம்.
"எழுதிப் பழகிவிட்டார்" என்றாள்.
நானும் தலையாட்டினேன். இரவு மணி பதினொன்று,
காலையில் முதல் வண்டி எனக்கு.

பதினான்காவதில்:
"நீங்கள் பின்னி அனுப்பிய சட்டை
தோளில் பிடிக்கிறது, அம்மா."

(கியூபா வெயிலுக்குக் கம்பளிச் சட்டை!
அது வேண்டாமென்று ஒரு கடிதத்திலும் இல்லை.)

தூக்கம் போய்விட்டது.
இருபத்தேழு வயதில் எவனுக்கு ஐயா தோள் வளரும்?

எழுதிக் கேட்டு ஏழு மாதம் கழித்து வந்தது
ஆலையின் அடக்கப் பதிவு, நகல் ஒரு பக்கம்.
அமாரோ வில்லாரெஸ். 26. காய்ச்சல். அக்டோபர் 1918.
உடைமை: பெட்டி ஒன்று, கம்பளிச் சட்டை ஒன்று, கடிதக்கட்டு.
பெற்றுக்கொண்டவர்: சில்வெஸ்த்ரே எஸ்பொசித்தோ.

எஸ்பொசித்தோ.
எங்கள் பக்கத்தில் அதைக் கேட்டால் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்கள்.
அனாதை இல்லத்துச் சுழல்பெட்டியில்
இரவோடு இரவாக வைத்துவிட்டுப் போன பிள்ளைகளுக்கு
யாரோ ஒரு குமாஸ்தா எழுதிக்கொடுத்த பெயர் அது.

முப்பது கடிதங்களை மறுபடி எடுத்தேன்.
காற்புள்ளி போடவேண்டிய இடத்திலெல்லாம்
அம்மா என்று போட்டிருக்கிறான்.
மழை எப்படி, அம்மா, பன்றி ஈன்றதா, அம்மா,
இத்துடன் நாற்பது பேசோ, அம்மா.
அந்தப் பேசோக்கள்தான் 1926-இல்
கஷ்கொட்டைத் தோப்பு ஆயின;
கிரயப் பத்திரமே சொல்கிறது.

தொரிந்தாவுக்கு எழுதத் தெரியாது.
அவள் சொல்லச் சொல்ல மகள் எழுதிய
வீட்டுக் கணக்கு டப்பாவின் அடியில் கிடந்தது.
உப்பு, மண்ணெண்ணெய், கோயில் மெழுகுவத்தி.
1917: கம்பளி நூல் இரண்டு கண்டு.
1918: இரண்டு.
1920: மூன்று.
1921: மூன்று.
அவள் கண்மூடிய முப்பத்துநான்கு வரை மூன்று.
ஏன் என்று ஓரத்திலும் எழுதவில்லை.
அந்த வருடம் அடக்கச் செலவுக்கு
இருநூறு பேசோ வந்திருக்கிறது. பிறகு ஒன்றுமில்லை.

நகலை நோட்டரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"நல்லது. வாரிசில்லாமல் இறப்பு.
இனி ஆறு பேரே பிரித்துக்கொள்ளலாம்."
பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தார்.

வண்டிக்கு நேரமாகிவிட்டது என்றேன்.
நேரம் இருந்தது.